கண்டிக் கடைமன்னரும் கரைநாட்டுப் பிரகடனமும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மலையேறும் பாதை, ரிவர்ஸ்டன் என்னும் இடத்தில் மலைத்தொடரின் முதுகைக் கடந்து, பிட்டவலப் பத்தனைப் புல்வெளியை நோக்கி மறுபுறம் இறங்குகின்றது. மூடிய கையின் முட்டிகளைப் போலச் சிகரங்கள் தோன்றுதலின் ஆங்கிலேயர் இத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். கண்டி நாட்டார் தும்பறை மலை என்றே வழங்கினர். ரிவர்ஸ்டன் உச்சியிற் காற்று ஆளைத் தள்ளும். மூடுபனி இறங்கிவிட்டால் அருகில் நிற்பவர் முகமும் தெரியாது. சென்ற ஆண்டு பள்ளி மாணவரை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தபோது, தோட்டத்திலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருத்தி என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். கண்டியின் கடைசி அரசர் பதுங்கியிருந்த மலை இதுதானா என்பது ஒன்று. அவர் கொடியவராதலால் ஆங்கிலேயர் பிடித்தனரா, அன்றிப் பிடிக்க வேண்டியிருந்ததால் கொடியவர் என்றனரா என்பது மற்றொன்று.

முதற் கேள்விக்கு விடை எளிது. அரசர் பதுங்கியது இதே மலைத்தொடரின் தென்கீழ்ப் புறத்தே, மெதமகநுவரைப் பக்கத்தில். இரண்டாவது கேள்விக்கு நான் அங்கே விடை கூறவில்லை. காற்று பலமாக இருக்கிறது, வண்டியில் ஏறுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆசிரியன் ஒருவன் காற்றின்மேற் பழிபோட்டுத் தப்புவது அழகன்று. ஆயினும் அதற்கொரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்குமுன் நான் நடத்திய பேச்சுப் போட்டியொன்றில், நம்மவர் ஒருவர் கண்டியில் முடிபுனைந்திருந்த பெருமையைப் பேசுமாறு மாணவர்க்குத் தலைப்புக் கொடுத்தேன். ஒரு பையன் எழுந்து, எகலப்பொலையின் மக்களைக் கொன்ற அரசரை எங்ஙனம் புகழ்வது என்று கேட்டான். அது தலைப்புக்குப் புறம்பானது என்று கூறி அவனை உட்கார வைத்தேன். அன்று அவன் முகம் வாடியது இன்றும் என் கண்முன் நிற்கின்றது. அவனுக்கும் இம்மாணவிக்கும் சேர்த்துச் சொல்லவேண்டிய விடையை இங்கே எழுத முயல்கின்றேன்.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் என்று முடிசூடியவரின் இயற்பெயர் கண்ணுசாமி. 1780ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். கண்டியரசு 1739ஆம் ஆண்டிலேயே தென்னாட்டு நாயக்கர் மரபினர் கைக்கு வந்துவிட்டது. சிங்கள மன்னர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து பெண்கொள்ளும் வழக்கம் இருந்தமையால், மகப்பேறின்றி மன்னர் இறந்தபோது அரசியின் உடன்பிறந்தார் அரியணை ஏறினார். அவ்வாறு வந்தவர்கள் புத்த சமயத்தைப் போற்றி, அந்நாட்டு மரபுப்படியே ஆண்டனர். அழிந்துகிடந்த பிக்குமாரின் துறவுமுறை 1753இல் சீயத்திலிருந்து மீளக் கொணரப்பட்டது நாயக்க மன்னராகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர் காலத்திலேயாம். எனவே இவர்களை வேற்றார் என்பதும் முழுதும் பொருந்தாது. நம்மவர் என்று நாம் மார்தட்டிக்கொள்வதும் முழுதும் பொருந்தாது. அவர்கள் கண்டி மன்னர்கள், அவ்வளவே.

1798இல் ராஜாதி ராஜசிங்கர் மகவின்றி மாய்ந்தார். முதல் அதிகாரமாயிருந்த பிலிமத்தலாவை, அரசியின் உறவினராகிய பதினெட்டு வயது இளைஞர் கண்ணுசாமியைத் தேடியெடுத்து அரியணையில் இருத்தினார். அரசியின் உடன்பிறந்தாராகிய முத்துசாமி உரிமை கோரியும் பயனில்லை. இளைஞரை முன்னிறுத்தித் தாம் ஆளலாம் என்பதும், காலம் வரும்போது அவரையும் அகற்றித் தாமே முடிபுனையலாம் என்பதும் அதிகாரத்தின் எண்ணம். கரைநாட்டில் அப்போதுதான் ஒல்லாந்தரை அகற்றி ஆங்கிலேயர் புகுந்திருந்தனர். தேசாதிபதி பிரெடரிக் நோர்த்துடன் பிலிமத்தலாவை மறைவிற் பேசத் தொடங்கினார். அரசரை அகற்ற நீங்கள் உதவினால் நாட்டின்மீது உங்கள் மேலாண்மையை ஒப்புவேன் என்பது பேரத்தின் சாரம். நோர்த் அதை முற்றிலும் ஏற்கவுமில்லை, முற்றிலும் தள்ளவுமில்லை.

கண்டி நாடு அன்று பிணக்கிற்குரிய நிலம் என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் ஒல்லாந்தர் தீவின் கரை முழுதையும் பெற்றுக் கண்டியைக் கடலற்ற நாடாக்கினர். கண்டியார் அவ்வொப்பந்தத்தை மனமார ஏற்றவரல்லர். ஒல்லாந்தரின் உரிமையை அப்படியே எடுத்துக்கொண்ட ஆங்கிலேயர், மலைநாட்டுக்கும் தமக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை நாளுக்கொரு விதமாகப் பேசினர்.

1803ஆம் ஆண்டுப் போருக்கு அவர்கள் காட்டிய காரணம் பாக்கு. ஆங்கிலேயரின் குடிகளாகிய முஸ்லிம் வணிகரின் பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்தனர், ஈடு கேட்டனர், தாமதமாயிற்று, படை புறப்பட்டது. முத்துசாமியே உண்மையான உரிமையாளர் என்று சொல்லி அவரைக் கண்டியில் முடிசூட்டினர். மலைக்காய்ச்சல் படையை அழித்தது. எஞ்சியவர்க்குத் தலைவராயிருந்த மேஜர் டேவி ஜூன் மாதத்தில் சரணடைந்தார். தம்மை நம்பி வந்த முத்துசாமியை ஒப்புவித்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். பின்னர் மகாவலி கங்கைக் கரையில், வட்டப்புலுவையில், படைக்கலம் நீத்த ஆங்கிலப் படையினரும் வெட்டுண்டனர். நகரில் நோயுற்றுக் கிடந்தவரும் கொல்லப்பட்டனர். இக்கொலையில் அரசரின் பங்கு எவ்வளவு, அதிகாரத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர் ஒருமித்தாரில்லை. நிகழ்ந்தது கொடுமை என்பதில் ஐயமில்லை.

நிற்க. அரசர் சூழ்ச்சியை உணர்ந்துகொண்டார். தம்மை ஏற்றிவிட்ட பிலிமத்தலாவையே தம்மை இறக்கவும் முயல்வதைக் கண்டு, ஈற்றில் அவருக்கு மரணதண்டனை விதித்தார். அதன்பின் அவர் நெஞ்சில் அச்சம் குடிபுகுந்தது எனலாம். பிரதானிகளை நம்பவில்லை, அவர்களும் அவரை நம்பவில்லை. அதே காலத்திற்றான் கண்டி நகரின் அழகு முழுதும் எழுந்தது. இன்று நாம் கண்டு களிக்கும் ஏரி, தலதா மாளிகையின் எண்கோண மண்டபம் ஆகியவை இவர் ஆக்கியவை. வயலாயிருந்த தாழ்நிலம் ஏரியாயிற்று. ஆனால் அவ்வேரியை வெட்டியவர்கள் ஊதியமில்லாத இராசகாரிய ஊழியர். உழவுக் காலத்தில் வயலை விட்டுவந்து மண் சுமந்தவர்கள் அரசரை வாழ்த்தியிருப்பார்களா? ஏரிக்கரையில் உலாவும்போதெல்லாம் எனக்கு இந்நினைவு வரும்.

பிலிமத்தலாவைக்குப்பின் முதல் அதிகாரமானவர் எகலப்பொல. அவரும் கரைநாட்டாரோடு ஓலை பரிமாறினார். அவ்வோலைகளைப் பெற்றவர் ஜோன் டொயிலி என்பவர். இவரைப்பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்; ஏனெனில் பிறநாட்டின் துன்பத்தை ஓர் அரசாங்கம் எவ்வாறு அறிகின்றது, எவ்வாறு எழுதிவைக்கின்றது, எப்போது வெளியிடுகின்றது என்பதற்கு இவரினும் சிறந்த சான்று இல்லை. கேம்பிரிட்ஜிற் கற்றவர், மாத்தறையிலிருந்த பெரும்புலமை வாய்ந்த தேரர் ஒருவரிடம் சிங்களம் பயின்றவர், எளிய உணவும் தனிமையும் விரும்பியவர். அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளராய் இருந்துகொண்டு, கண்டி நாட்டிலிருந்து வரும் பிக்குகள், வணிகர், ஓடிவந்தோர் ஆகியோரிடம் கேட்டவற்றை நாட்குறிப்பில் நாள்தோறும் எழுதினார். எந்தக் கோறளையில் நெல் எவ்வளவு, எந்தத் திசாவைக்கு அரசர்மீது மனக்கசப்பு, எந்தக் கணவாயிற் காவல் குறைவு என்பவற்றோடு, யார் யார் கழுவேற்றப்பட்டனர் என்பதும் அந்நாட்குறிப்பில் உண்டு. துன்பத்தைப் பதிந்த கையும் படைவழியைப் பதிந்த கையும் ஒன்றே. பதிந்தவை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை அவர் கேட்டபடியே எழுதியவை. ஆனால் சொன்னவர் பலரும் அரசரிடமிருந்து தப்பி வந்தவர். கேட்டவரோ அரசரை வீழ்த்த விரும்பியவர்.

1814இல் எகலப்பொல சப்பிரகமுவையில் எழுப்பிய கிளர்ச்சி தோற்றது. அவர் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். மனைவியும் மக்களும் கண்டியிற் பிணையாயிருந்தனர். அரசர் அவர்களுக்கு மரணதண்டனை விதித்தார். மூத்த மகன் அஞ்சித் தாயைப் பற்றிக்கொள்ள, இளையவனாகிய மத்தும பண்டா முன்வந்து கழுத்தை நீட்டினான் என்பது வரலாறு. சிங்களப் பிள்ளைகள் அனைவரும் அவன் பெயரை அறிவர். பிள்ளைகளின் தலைகளைத் தாயே உரலில் இடிக்குமாறு செய்தனர் என்ற செய்தியை, 1821இல் வெளிவந்த டாக்டர் ஜோன் டேவியின் நூல் ஆங்கிலமறிந்தோர் எல்லாரிடத்தும் பரப்பியது. எங்களூரிற் சிறுவயதில் நான் பார்த்த கூத்திலும் அக்காட்சி வந்தது. என் பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். உரல் உண்மையோ மிகையோ என்பதில் ஐயமுண்டு. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 2017இல் வெளியிட்ட தம் நூலில், இவ்வரசர்மீது சுமத்தப்பட்டவற்றுட் பல ஆங்கிலேயர் கட்டிவிட்ட படிமத்தின் கூறுகள் என்று விரிவாக வாதிட்டுள்ளார். அந்நூலை நான் இருமுறை படித்தேன். படித்தபின்னும், தந்தையின் குற்றத்திற்கு மக்களைக் கொன்றதை என் மனம் மன்னிக்கவில்லை. அன்றைய நாட்டில் இராசத்துரோகிக்குக் குடும்பத்தோடு தண்டனை என்பது வழக்கம் என்பர். வழக்கமாயிருந்தால் என்? அப்பையன் கேட்டது தலைப்புக்குப் புறம்பன்று, அதுவே தலைப்பு.

ஆயினும் அரசாங்கங்கள் மனத்தைக் கேட்டு நடப்பதில்லை. அக்கொலை மே மாதத்தில் நிகழ்ந்தது. கொழும்பு அப்போது படையெடுக்கவில்லை. தேசாதிபதி ரொபர்ட் பிரௌன்றிக் போர் விரும்பினார்; இலண்டனில் இருந்த அமைச்சர் பாதர்ஸ்ட் பிரபுவோ, வலிந்து போர் தொடுத்துப் பொருளைச் செலவிட வேண்டாம் என்னும் கருத்தினர். மேலிடத்திற்கு எழுதிக்காட்டத்தக்க காரணம் ஒன்று வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் நெப்போலியன் அவ்வாண்டு ஏப்பிரலில் முடிதுறந்தான் என்பதும் உடன்நினைக்கத் தக்கது. ஆண்டின் பிற்பகுதியிற் காரணம் கிடைத்தது. கரைநாட்டிலிருந்து வணிகத்திற்குச் சென்ற பத்துப்பேரை ஒற்றர் என்று பிடித்துக் கண்டியில் உறுப்பறுத்தனர். எழுவர் இறந்தனர். மூவர், அறுபட்ட உறுப்புகள் கழுத்திற் கட்டப்பட்ட நிலையிற் கொழும்பு வந்து சேர்ந்தனர். இவர்கள் ஆங்கிலேயரின் குடிகள். எகலப்பொலையின் மனைவி மக்கள் ஆங்கிலேயரின் குடிகள் அல்லர்.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் அரசாங்கங்களின் நடைமுறையில் இதுவே பெரிது. பிறநாட்டுத் துன்பத்தைப் பற்றிப் பேச ஓர் அரசுக்கு ஏதேனும் பிடி வேண்டும். ஏறக்குறைய நூறாண்டுக்குப்பின் நிகழ்ந்த இன்னொன்றையும் இங்கே சொல்லலாம். தென்னமெரிக்காவிற் பெருவும் கொலம்பியாவும் தம்முட் பிணங்கிய பூட்டுமாயோ ஆற்றுப் புறத்தில், இறப்பர்ப்பால் எடுக்க அந்நிலத்து மக்களைச் சவுக்கடித்தும் கொன்றும் வேலைவாங்கினர். நிலம் எவருடையது என்று தீராதபோது, கொடுமைக்குப் பொறுப்பாளி எவர் என்பதும் தீராது. 1910இல் ஆங்கில அரசு றொஜர் கேஸ்மெண்ட் என்னும் தூதரை ஆராயும்படி அனுப்பியது. அனுப்புவதற்கு அதற்கிருந்த பிடி இரண்டு: அக்கொம்பனி இலண்டனிற் பதியப்பட்டது, அதன் கங்காணிகளுட் சிலர் பார்படோஸ் தீவினராகிய ஆங்கிலக் குடிகள். அவருடைய அறிக்கை 1912இல் வெளிவந்து உலகைக் கலக்கியது. அறிக்கை உண்மை, அம்மனிதரும் உண்மையானவர். ஆனால் அதே ஆண்டுகளில் அதே அரசின் கொடியின்கீழ் இலங்கைத் தோட்டங்களில் வேலைவிட்டு ஓடிய தமிழ்த் தொழிலாளியைச் சட்டம் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அது நீங்க 1920களின் தொடக்கம் வரை, சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் போராட வேண்டியிருந்தது. பிறர் வீட்டுப் புகை கண்ணுக்குத் தெரிந்த அளவு தன் வீட்டுப் புகை தெரிவதில்லை.

1815 ஜனவரி 10ஆம் நாள் பிரௌன்றிக் போர்ப் பிரகடனம் செய்தார். போர் கண்டி மக்களோடு அன்று, அவர்களைத் துன்புறுத்தும் அரசரோடு மட்டுமே என்பது அதன் கருத்து. படை எட்டுப் பிரிவாகப் பல திக்கிலிருந்தும் மலையேறியது. பெரும்போர் எதுவும் நிகழவில்லை. பிரதானிகள் ஒருவர்பின் ஒருவராய் அரசரைக் கைவிட்டனர். பெப்ரவரி நடுவில் நகர் வீழ்ந்தது. அரசர் சில ஏவலாளருடனும் அரசியருடனும் தும்பறை மலைப்புறம் ஓடினார். 18ஆம் நாள், எகலப்பொலையின் பக்கத்தவரான எக்னெலிகொட என்பவரின் ஆட்கள் மெதமகநுவரைக்கு அருகே ஒரு வீட்டைச் சூழ்ந்து அவரைப் பிடித்தனர். அரசரைக் கட்டியிழுத்தனர், அரசியரின் அணிகளைப் பறித்தனர். கொடுமையிலிருந்து மக்களை மீட்க வந்த படையின் முதல் நாட்செயல் இது. ரிவர்ஸ்டனில் நின்று தெற்கே நோக்கினால் மலைக்குப்பின் மலையாகத் தெரியும். அவற்றுக்கப்பால் அந்த வீடு இருந்தது.

மார்ச் 2ஆம் நாள் கண்டி அரசிருக்கை மண்டபத்திற் படித்துக் கையொப்பமிடப்பட்ட ஒப்பந்தத்தை நான் மாணவருக்கு வரிவரியாகக் கற்பிக்க விரும்புகின்றேன். மனிதரின் உரிமையைப் பற்றி ஓர் அரசு இன்னோர் அரசின்மேற் குற்றஞ்சாட்டி எழுதிய ஆவணங்களுள் இது நம் மண்ணில் எழுந்த முதன்மையான ஒன்று. முதல் இரு பிரிவுகளும், விசாரணையின்றிக் கொலைத்தண்டனை விதித்தும் உடலை வதைத்தும் வந்தமையால் அரசர் ஆளும் உரிமையை இழந்தார் என்கின்றன. சிறந்த கொள்கை. பிற்பகுதியில் வதையும் உறுப்பறுத்தலும் ஒழிக்கப்படுகின்றன; தேசாதிபதியின் ஆணையின்றி எவரையும் கொல்லலாகாது என்று விதிக்கப்படுகின்றது. இவற்றையும் நான் குறைத்து மதிக்கவில்லை. அன்று உறுப்பு இழக்கவிருந்த எவனோ ஒருவன் இவ்வரிகளால் உறுப்போடு வாழ்ந்திருப்பான்.

ஆனால் மூன்றாம் பிரிவைப் பாருங்கள். அரசரின் சுற்றத்தார், சுற்றத்தாரென்று கூறிக்கொள்வோர் ஆகிய ஆண்கள் அனைவரும் கண்டி மாகாணங்களுக்குப் பகைவர். அனுமதியின்றி நாட்டுள் வந்தால் இராணுவச் சட்டப்படி மரணதண்டனை. வெளியேற்றப்பட்ட மலபார் சாதி ஆண்களும் அனுமதியின்றித் திரும்பலாகாது. மலபார் என்று அக்காலத்து ஆங்கிலேயர் சொன்னது தமிழ் பேசும் தென்னாட்டவரை. விசாரணையற்ற கொலைக்காக ஓர் அரசரை நீக்கிய தாள், இரண்டு பிரிவு தாண்டுவதற்குள், பிறப்பைக் காரணமாக்கி ஒரு கூட்டத்தார்க்குப் படைச்சட்டக் கொலையை விதிக்கின்றது. தந்தைக்காக மக்களைக் கொன்ற அரசரின் நீதிக்கும், உறவினர் என்பதற்காகக் கொல்லும் இந்நீதிக்கும் இடையே எத்தனை முழத் தூரம்? உரல் இல்லை, எழுத்து இருக்கின்றது. கையொப்பமிட்ட பிரதானிகளுள் மாத்தளைத் திசாவையாகிய ரத்வத்தையும் ஒருவர். கையொப்பங்களுட் சில தமிழெழுத்தில் அமைந்தவை என்பர். மலபாரை விலக்கும் தாளில் மலபார் எழுத்து! இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இவ்விடத்தில் எவ்வணி என்று சொல்லத் தெரியவில்லை.

மூன்றாண்டு கழியுமுன் ஊவாவிலும் வெல்லச்சையிலும் மக்கள் கிளர்ந்தனர். அவர்கள் தங்கள் அரசராக முன்னிறுத்தியவர், நாயக்கர் குலத்துத் துரைசாமி என்று தம்மைக் கூறிக்கொண்டவர். கொடுமையிலிருந்து மீட்கப்பட்ட மக்கள் மீண்டும் அக்குலப் பெயரையே தேடிச்சென்றது சிந்திக்கற்பாலது. 1818இல் அக்கிளர்ச்சியை அடக்கிய விதம் என்ன? ஊர்களைக் கொளுத்தினர், நெல்லை அழித்தனர், ஆடுமாடுகளைக் கொன்றனர், பட்டினி பின்தொடர்ந்தது. கெப்பெட்டிபொல நவம்பர் 26இல் தலை வெட்டுண்டார். மூன்றாண்டுக்குமுன் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டவர் அவர். பிரௌன்றிக்குக்கு முன்னரே பரோனெட் பட்டம் கிடைத்திருந்தது. பின்னர்க் கண்டி முடியைத் தம் குடிச்சின்னத்திற் பொறித்துக்கொள்ளும் உரிமையும் கிடைத்தது. எகலப்பொலைக்கு முடி கிடைக்கவில்லை. ஐயத்தின்பேரிற் சிறைப்பட்டு, 1825இல் மொறீசியசுத் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கேயே மாண்டார். மனைவி மக்களை இழந்த அம்மனிதருக்காக இரங்காமல் இருக்க முடியவில்லை.

இம்முறை கண்டியோடு நிற்கவில்லை. 1834இற் குடகு நாட்டரசர் சிக்க வீரராசேந்திரர் கொடியவர் என்று கூறிக் குடகைச் சேர்த்துக்கொண்டனர். 1856இல் அயோத்தியின் ஆட்சி சீர்கெட்டது என்று கூறி அதனையும் சேர்த்துக்கொண்டனர். குடகரசரின் கொடுமைகளும் முழுப்பொய்யல்ல. குற்றம் உண்மையாயிருக்கும்போதுதான் குற்றஞ்சாட்டுவோரின் நோக்கத்தை எவரும் கேளாமல் விடுகின்றனர்.

நம் காலத்தில் ஜெனீவாவில் நிகழ்வனவற்றை மாணவர் செய்தித்தாளிற் படிக்கின்றனர். 2012இல் இலங்கைபற்றி அமெரிக்கா கொணர்ந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2014இற் சர்வதேச விசாரணை கோரிய தீர்மானத்தில் வாக்களியாது விலகியது. இரண்டாண்டுக்குள் இறந்தவர் மாறவில்லை, கண்ணீர் மாறவில்லை, கணக்கு மாறியது. இதைக் கண்டு, எல்லாம் வெறும் அரசியல் என்று ஒரு சாரார் கைகழுவுகின்றனர். மற்றொரு சாரார், பேசுபவர் பேசுகின்றாரே, நோக்கம் எதுவாயினும் ஆகுக என்கின்றனர். என் ஆசிரியர் அறையிலேயே இவ்விரு சாராரும் உள்ளனர். கண்டியரசரைப் பற்றிப் பேச்செழுந்தால், தமிழாசிரியர் ஒருவர் அவர் குற்றமற்ற தமிழ் மன்னர் என்பார். சிங்கள ஆசிரியர் ஒருவர் அவர் வேற்றுநாட்டுக் கொடுங்கோலர் என்பார். பின்னர் இருவரும் சேர்ந்து தேநீர் அருந்துவர். பத்து வணிகரைப் பற்றியோ, மத்தும பண்டாவைப் பற்றியோ, வட்டப்புலுவையில் வெட்டுண்ட பெயரறியாச் சிப்பாய்களைப் பற்றியோ, 1818இற் பசியால் இறந்த ஊவா உழவரைப் பற்றியோ இருவரும் பேசுவதில்லை. நானும் பல ஆண்டுகள் பேசவில்லை.

இனி அரசரின் எஞ்சிய வாழ்வைச் சொல்லி முடிக்கின்றேன். கொழும்பில் ஓராண்டளவு காவலில் இருந்தார். அப்போது தம்மைக் காணவந்த ஆங்கில அதிகாரி ஒருவரிடம் அவர் கூறியதாக ஒரு செய்தியுண்டு. ஆங்கிலத் தேசாதிபதிகளுக்குச் சினத்திற் செயலாற்றவொட்டாமல் தடுக்கும் ஆலோசகர் உடனிருக்கின்றனர். கண்டியில் அரசரின் சினம் ஆறுமுன் குற்றவாளி இறந்துபோகின்றான். அதுவே வேறுபாடு என்றாராம். தம் குற்றத்தை இத்துணை எளிமையாக ஒப்புக்கொண்ட அரசர் வேறெவரையும் நான் படித்ததில்லை. படை மருத்துவராயிருந்து பின்னர் இலங்கை வரலாறு எழுதிய ஹென்றி மார்ஷல், அரசரை வீழ்த்தக் கையாண்ட சூழ்ச்சிகளை ஆங்கிலேயராயிருந்தும் மறையாமற் கண்டித்தார். அவர் போன்ற ஒருவர் எந்நாட்டிலும் இருப்பார் போலும். ஆனால் நூல் வெளிவர முப்பதாண்டு ஆகிவிடுகின்றது.

1816 ஜனவரி 24ஆம் நாள் கோர்ன்வாலிஸ் என்னும் கப்பலில் அரசரையும் குடும்பத்தாரையும் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினர். அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கு. திப்புவின் மக்கள் முன்பு வைக்கப்பட்டிருந்த அதே கோட்டை. இலங்கைச் செலவிற் படிப்பணம் கொடுத்தனர். அரசர் அங்கே நோயுற்று, 1832 ஜனவரி 30ஆம் நாள் இறந்தார். வயது ஐம்பத்திரண்டு. பதினேழாண்டு அரசராயிருந்தார், பதினேழாண்டு கைதியாயிருந்தார். அவர் அரியணை இங்கிலாந்துக்குப் போய், 1934இற் கொழும்புக்குத் திரும்பியது. அவர் திரும்பவில்லை.

பாலாற்றங்கரையில் அவர் அடக்கமான இடத்தில் இப்போது முத்துமண்டபம் என்னும் நினைவு மண்டபம் உள்ளது. சில ஆண்டுகளுக்குமுன் தலயாத்திரை வந்தபோது அங்கே சென்றேன். வெயில் கடுமை, ஆற்றில் நீரில்லை. காவலிருந்தவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மாத்தளை என்றேன். அவருக்கு அவ்வூர் தெரியவில்லை. கண்டிக்கு வடக்கே என்றேன். உடனே எழுந்து, வழிகாட்டிக்கொண்டு முன்னே நடந்தார். ரிவர்ஸ்டனிற் கேட்ட மாணவிக்கு அந்த ஒப்பந்தத்தின் முதற்பிரிவையும் மூன்றாம் பிரிவையும் தமிழாக்கிக் கொடுத்திருக்கின்றேன். டேவி எழுதியதன் சுருக்கத்தையும் உடன் வைத்திருக்கின்றேன். அடுத்த தவணையில் அவள் வகுப்பில் அவற்றைப் படிப்பாள். பேச்சுப் போட்டியில் நான் உட்கார வைத்த பையன் இப்போது ரத்தோட்டைப் பக்கத்திற் பேருந்து நடத்துநராயிருக்கின்றான். அவனுக்கும் ஒரு படி கொடுத்தேன். பயணச்சீட்டுப் புத்தகத்தின் அடியில் அதைச் செருகி வைத்துக்கொண்டான்.